கொங்கு நாட்டு வகுப்பறைகளில் உள்ளடக்கிய விளையாட்டு

சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் ஒரே ஆட்டத்தைச் சேர்ந்து ஆடிக் கற்பது உள்ளடக்கிய விளையாட்டு எனப்படும். பார்வைத்திறன் அல்லது செவித்திறன் குறைந்தவர்கள், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ளவர்கள் எனப் பலர் இதில் அடங்குவர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இத்தகைய 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. இயன்முறை மருத்துவர் தனியறையில் தரும் பயிற்சியிலிருந்து உள்ளடக்கிய விளையாட்டு வேறுபட்டது. இங்கே ஆட்டத்தின் விதியும் பொருளும் இடமும் குழந்தைக்கு ஏற்ப மாற்றப்படுகின்றன.

தெருவில் ஆடும்போது ஓட முடியாத பிள்ளையை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். அந்தப் பிள்ளை அவுட் ஆனாலும் கணக்கில்லை, பிடித்தாலும் கணக்கில்லை. பள்ளியின் பி.டி. பீரியடில் பல நேரம் இதுகூட நடப்பதில்லை. சக்கர நாற்காலியில் வரும் மாணவி வேப்பமரத்தடியில் மற்றவர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவலிருப்பாள். கொஞ்சம் அக்கறையுள்ள ஆசிரியர் என்றால் ஸ்கோர் எழுதச் சொல்வார். இவை எதுவும் சேர்த்துக்கொண்டதாகாது. ஒரு குழந்தை ஆட்டத்தில் இருக்கிறது என்றால் அது ஜெயிக்கவும் தோற்கவும் வழியிருக்க வேண்டும். அதன் கை பட்டு ஆட்டத்தின் முடிவு மாற வேண்டும். வகுப்பறைச் செயல்பாடு ஒன்று உள்ளடக்கியதா இல்லையா என்று பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

சட்டப் பின்னணி

மாற்றுத்திறன் குழந்தைகளைப் பொதுப்பள்ளியில் சேர்ப்பதற்கான நடுவணரசுத் திட்டம் 1974இல் தொடங்கியது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. 2012இல் செய்த திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளையும் அதன் ‘பின்தங்கிய பிரிவு’க்குள் கொண்டுவந்தது. 2018 முதல் இப்பணிகள் சமக்ர சிக்ஷா என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் கீழ் நடக்கின்றன. விளையாட்டைப் பொறுத்தவரை மிகத் தெளிவாகப் பேசுவது ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை. பள்ளிக்குள் நடக்கும் விளையாட்டு உட்பட எல்லா ஆட்டங்களிலும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சம இடம் தர வேண்டும் என்று அதன் 30ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா 2007இல் அதை ஏற்று உறுதி செய்தது.

கோவையில்

கோவைக்கு இத்துறையில் தனி இடம் உண்டு. தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறது. சிறப்புக் கல்விக்கு ஒரு புலமும், பொது உடற்கல்வியோடு தகவமைப்பு உடற்கல்வியையும் யோகாவையும் கற்பிக்கும் இன்னொரு புலமும் அதே வளாகத்தில் இயங்குகின்றன. மாற்றுத்திறன் மாணவருக்கு எப்படிக் கற்பிப்பது என்று படிப்பவரும், அவரை எப்படி ஆடவைப்பது என்று படிப்பவரும் ஒரே வளாகத்தில் இருப்பது அரிய வாய்ப்பு. அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகமும் சிறப்புக் கல்வி ஆசிரியர்களை உருவாக்கிவருகிறது. 

மாநில அளவில் பார்த்தால், அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. அட்டைகளை வைத்து ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் முன்னேறும் அம்முறை, மெல்லக் கற்கும் குழந்தைக்கு இயல்பாகவே இடம் தந்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் மாணவர்களை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து, பாடல், கதை, பொம்மலாட்டம் வழியாகக் கற்பிக்கிறது. ஆசிரியருக்கு ஆட்டத்துக்கான நேரம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது என்பதுதான் இதில் முக்கியம்.

கல்விப் பொருள்களின் வரலாற்றையும் இங்கே நினைவுகொள்ளலாம். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறப்பதற்கு முன், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளோடு வேலை செய்தவர். தொட்டறியும் பொருள்களின் பயனை அவர் கண்டுகொண்டது அவர்களிடம்தான். இன்று கட்டணப் பள்ளிகள் பெருமையோடு காட்டும் உப்புத்தாள் எழுத்துகளின் வேர் அங்கே இருக்கிறது. சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்காகச் செய்த பொருள் எல்லாக் குழந்தைக்கும் உதவும் என்பதற்கு இது பழைய சான்று.

ஆட்டங்களை மாற்றும் விதம்

புதிய பொருள் வாங்குவதற்கு முன் வீட்டுத் திண்ணை ஆட்டங்களைப் பார்ப்பது நல்லது. பித்தளைத் தாயக்கட்டையின் புள்ளிகள் குழியாக வெட்டப்பட்டிருக்கும். பார்வையற்ற சிறுவன் கட்டையை உருட்டி, விரலால் தடவி, எத்தனை விழுந்தது என்று தானே சொல்லிவிடுவான். கட்டத்தைச் சாக்பீஸில் வரைவதற்குப் பதில் அட்டையில் சணல் கயிறு ஒட்டிச் செய்தால் காய் நகர்த்தவும் யார் துணையும் வேண்டாம். மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்ட ஆடுபுலி ஆட்டத்திலும் இப்படியே செய்யலாம்: புலிக்குக் கூழாங்கல், ஆட்டுக்குப் புளியங்கொட்டை. தொட்டாலே எது எதுவென்று தெரியும்.

பல்லாங்குழியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எண்ணிக்கை, பங்கிடுதல், தன் முறைக்குக் காத்திருத்தல் ஆகியவற்றை ஒன்றாகப் பழக்கும் ஆட்டம் அது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குச் சிறு சோழியைக் கிள்ளி எடுப்பது கடினம்; குழியும் சிறியது. நாமக்கல் முட்டை அட்டை இருக்கும் ஊரில் இதற்குத் தீர்வு தேட வேண்டியதில்லை. முப்பது குழியுள்ள அட்டையிலிருந்து ஆறு குழி கொண்ட இரண்டு வரிசையை வெட்டி, பலகையில் ஒட்டிவிட்டால் போதும். சோழிக்குப் பதில் கழற்சிக்காய் அல்லது பெரிய மரமணி. பலகை வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணி. எதிரில் இருக்கும் குழந்தையும் அதே பலகையில்தான் ஆட வேண்டும். ஒருவருக்கு மட்டும் ‘சுலபப் பலகை’ கொடுத்தால் மீண்டும் ஒப்புக்குச் சப்பாணி ஆகிவிடும். குழந்தையின் கை ஒரு குழிக்கும் அடுத்ததற்கும் இடையே தடுமாறும்போது, பக்கத்திலிருப்பவர்கள் உதவிக்குக் கை நீட்டாமல் இருக்கப் பழக்குவதுதான் ஆசிரியருக்குப் பெரிய வேலை. அந்த அரை நிமிடம் அக்குழந்தைக்குச் சொந்தமானது.

பந்து ஆட்டங்களில் வேகத்தைக் குறைப்பதே முதல் படி. திருப்பூர் பனியன் கம்பெனிக் கழிவுத்துணியை அடைத்துத் தைத்த பந்து மெதுவாக வரும், மேலே பட்டாலும் வலிக்காது. உள்ளே சலங்கை மணி நாலைந்து போட்டால் பார்வையற்ற குழந்தை சத்தத்தை வைத்துப் பிடிக்கும். எல்லோரும் ஜமக்காளத்தில் உட்கார்ந்தே எறிபந்து ஆடினால் நடக்க முடியாத மாணவியும் ஓட்டக்காரனும் ஒரே உயரத்தில் இருப்பார்கள். கல்லா மண்ணா போன்ற ஓட்டங்களில் செவித்திறன் குறைந்தவர்களுக்காகக் குரலோடு கொடியசைப்பும் சேர வேண்டும்.

கொங்கு நாட்டுக்கு நன்கு பொருந்தும் வழி கும்மி. வள்ளிக்கும்மி இன்று கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் மீண்டும் எழுச்சி பெற்றிருக்கிறது. கோவை மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. வகுப்பறைக்கு இது ஏன் பொருந்துகிறது என்றால், கும்மியில் முன்வரிசை பின்வரிசை இல்லை. வட்டம். ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறார்கள். அடவு திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டாம் சுற்றில் விட்டதை நான்காம் சுற்றில் பிடித்துக்கொள்ளலாம். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைக்கு இந்தத் திரும்பல் பெரிய துணை. சக்கர நாற்காலி வட்டத்துக்குள் வரும், வட்டம் அதன் வேகத்தில் சுழலும். செவித்திறன் குறைந்த சிறுமி மேளத்தின் பக்கவாட்டில் கை வைத்துத் தாளத்தை வாங்கிக்கொண்டு, எதிரில் இருப்பவரின் கைதட்டலைப் பார்த்துத் தானும் தட்டுவாள்.

எழுத்து ஆட்டங்களில் முதுகில் விரலால் எழுதிக் கண்டுபிடிக்கச் சொல்வது எல்லாரும் அறிந்தது. ல, ள, ழ குழம்பும் பிள்ளைக்கு இது நல்ல பயிற்சி. ஆனால் ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்குப் பிறர் தொடுவது பொறுக்காது. அவர்கள் கேழ்வரகு பரப்பிய தாம்பாளத்தில் எழுதிக் காட்டட்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். அடுத்து என்ன நடக்கும் என்பதைப் படஅட்டையாக முன்பே மாட்டிவைப்பதும், சத்தம் தாங்காமல் போனால் ஒதுங்கி உட்கார ஒரு மூலை வைத்திருப்பதும் இவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். விசைத்தறி ஓசை ஓயாத சோமனூர், பல்லடம் பக்கத்துப் பள்ளிகளில் அந்த மூலையின் அருமை இன்னும் கூடுதல்.

பாதுகாப்பு

டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்ந்திருக்கும். மருத்துவரைக் கேட்காமல் குட்டிக்கரணம், பச்சைக்குதிரை வேண்டாம். தசைச்சிதைவு உள்ளவர்களை மூச்சிறைக்க ஆடவிடக் கூடாது. ரத்தம் உறையாமைக் குறைபாடு இருந்தால் மோதி ஆடும் ஆட்டங்களைத் தவிர்க்க வேண்டும். எதையும் வாயில் போடும் குழந்தை இருக்கும் வகுப்பில் புளியங்கொட்டையும் சோழியும் கூடாது.

பள்ளிக்கு வெளியே

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, சிறுவயதில் பேருந்து மோதி வலது காலில் ஊனமுற்றவர். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஊக்கம் தந்து அவரை உயரம் தாண்டலுக்குக் கொண்டுவந்தார். 14 வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார். பிறகு 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். எல்லாக் குழந்தையும் பதக்கம் வாங்கப் பிறந்ததல்ல, வாங்கவும் வேண்டாம். ஆனால் அந்த ஆசிரியர் ‘நீ ஓரமாக உட்கார்’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு உடற்கல்வி ஆசிரியரும் ஒருமுறை நினைத்துப்பார்க்க வேண்டும்.

பள்ளிகளில் குறை இருக்கும் இடம் ஆட்களின் எண்ணிக்கை. தொடக்கநிலையில் 10 மாற்றுத்திறன் மாணவருக்கு ஒருவர், அதற்கு மேல் 15 மாணவருக்கு ஒருவர் என்ற அளவில் சிறப்பாசிரியர் வேண்டும் என்பது 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குறிப்பிட்ட விகிதம். நடைமுறையில் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் பல பள்ளிகளுக்கு மாறிமாறிச் செல்கிறார். இயன்முறை மருத்துவரும் அப்படியே. இவர்கள் வராத நாள்களில் ஆட்டத்தை நடத்த வேண்டியவர் வகுப்பாசிரியர்தான். அவருக்கு அதற்கான பயிற்சியைத் தராமல் அரசாணைகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்றும், பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அதில் உரிய பங்கு வேண்டும் என்றும் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மாற்றுத்திறன் குழந்தையின் பெற்றோருக்கு அங்கே இடம் உண்டு. மைதானத்துக்குச் சாய்தளம் இருக்கிறதா, பி.டி. பீரியடில் என் குழந்தை என்ன ஆடியது என்ற இரண்டு கேள்விகளை அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்; பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.