தாராளவாதக் குருமாரை அங்கிலிக்கன் சபையார் எப்படிப் பார்க்கிறார்கள்?

யாழ்ப்பாணத்தில் எங்களை 'வேதக்காரர்' என்று ஒரே பெயரில் அழைப்பார்கள். கத்தோலிக்கரா, மெதடிஸ்தரா, அமெரிக்கன் மிஷனா, சேர்ச் மிஷனா என்ற வேறுபாடெல்லாம் வேதக்காரருக்குள்தான். சேர்ச் மிஷன் வழியில் வந்த அங்கிலிக்கன்களாகிய நாங்கள் மொன்றியலுக்கு வந்தபோது பழகிய ஆராதனை ஒழுங்கு இங்கேயும் இருந்தது கண்டு மனம் ஆறினோம். ஆனால் பிரசங்க பீடத்தில் நின்றவர் சில வேளைகளில் நல்லூரிலும் சுண்டிக்குளியிலும் நாங்கள் கேட்டிராதவற்றைப் பேசினார். கன்னிப் பிறப்பை உவமையாகவும் கொள்ளலாம் என்றார் ஒருவர். ஒருபாலினத் தம்பதியரை ஆசீர்வதிப்போம் என்றார் இன்னொருவர். "இப்படிப் பேசுகிறவரை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்?" என்ற கேள்வி இல்-பிசாரில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டங்கள் முடிந்து தேநீர் வரும்போது இன்றும் எழுகிறது. அதற்குப் பதில் சபையின் வரலாற்றில் கிடக்கிறது.

முதலில் அமைப்பைச் சொல்ல வேண்டும். இங்கே பாப்பரசர் இல்லை. கன்ரபெரி பேராயர் மதிப்பில் முதல்வர். ஆனால் கனடாவில் உள்ள ஒரு குருவானவரை நீக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. (இலங்கைத் திருச்சபை விதிவிலக்கு. கொழும்பு, குருநாகல் மறைமாவட்டங்கள் நேரே கன்ரபெரியின் மேற்பார்வையில் இருப்பவை.) ஒவ்வொரு நாட்டுச் சபையும் தன் சினட் மூலம் தன்னைத் தானே ஆளுகிறது. அதற்குள் வேதாகமத்தை முதன்மையாகக் கொள்ளும் இவாஞ்சலிக்கர், பூசையையும் மரபையும் பேணும் ஆங்கிலோ-கத்தோலிக்கர், ஆராய்ச்சிக்கும் காலமாற்றத்துக்கும் இடம் கொடுக்கும் தாராளவாதிகள் என மூன்று போக்குகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. எங்களுக்கு வந்த சேர்ச் மிஷன் முதலாவது வகை. 1876இல் கொழும்பு ஆயர் கொப்பிள்ஸ்டன், ஆங்கிலோ-கத்தோலிக்கப் போக்குடையவர், சேர்ச் மிஷன் மிஷனரிமாரின் அனுமதிப் பத்திரங்களையே பறித்தார். பல ஆண்டுகள் இழுபட்டுத்தான் அது தீர்ந்தது. ஆகவே ஆயரோடு ஒத்துப்போகாமல் அதே சபையில் இருப்பது எங்கள் முன்னோருக்குப் புதிதல்ல.

தாராளவாத ஆயர்களில் மூத்த வழக்கு நேட்டால் ஆயர் ஜோன் வில்லியம் கொலென்ஸோவுடையது. அவர் கணித ஆசிரியர். அவர் எழுதிய எண்கணிதப் பாடநூல்கள் பிரித்தானியப் பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்டவை. சூலு மொழிபெயர்ப்பில் அவருக்கு உதவிய வில்லியம் ங்கிடி, நோவாவின் வெள்ளம் உண்மையாக நடந்ததா என்று கேட்டார். ஆம் என்று சொல்ல ஆயருக்கு மனச்சாட்சி இடம் தரவில்லை. மோசேயின் நூல்களில் வரும் மக்கள் தொகையையும் ஆடுமாடுகளையும் கணக்குப் போட்டுப் பார்த்து, இவை பொருந்தவில்லை என்று 1862 முதல் நூல்கள் வெளியிட்டார். (கணக்காளரான எங்களுக்கு இவர்மேல் ஒரு தனி அனுதாபம் உண்டு. கூட்டுத்தொகை சரிவராதபோது பேசாமல் இருப்பது எங்களுக்கும் முடியாத காரியம்.) 1863இல் கேப்டவுன் ஆயர் கிரே அவரை விசாரித்துப் பதவி நீக்கினார். 1865இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது. கொலென்ஸோ தன் பேராலயத்திலேயே இருந்தார். சூலு மக்கள் அவரைத் தந்தை என்று கொண்டாடினார்கள்.

இதில் மொன்றியலுக்கும் பங்குண்டு. கொலென்ஸோ விவகாரத்தால் கலங்கிய கனடிய அங்கிலிக்கன்கள் 1865 செப்ரெம்பரில் இந்த நகரில் மாகாணச் சினட்டாகக் கூடி, உலக ஆயர்கள் அனைவரையும் அழைத்துப் பேசுமாறு கன்ரபெரி பேராயரைக் கேட்டார்கள். 1867இல் முதலாவது லம்பெத் மாநாடு கூடியது. 76 ஆயர்கள் வந்தார்கள். யோர்க் பேராயர் வரவே மறுத்தார். ஒரு தாராளவாதியைக் கண்டிக்க வேண்டுமென்ற எண்ணத்தில் பிறந்த மாநாடு, கட்டளையிடும் அதிகாரமில்லாத ஆலோசனைக் கூட்டமாக முடிந்தது. இன்றும் அது அப்படித்தான்.

இருபதாம் நூற்றாண்டில் பெயர்கள் மாறின, முறை மாறவில்லை. 1963இல் வூல்விச் ஆயர் ஜோன் ரொபின்சன், கடவுள் 'மேலே' இருப்பவர் என்ற உருவகத்தைக் கேள்விக்குள்ளாக்கி ஒரு சிறு நூல் எழுதினார். கன்ரபெரி பேராயர் ராம்சே அதை விமர்சித்தார், ஆனால் ஆயர் பதவி போகவில்லை. 1984 யூலை 6ஆம் திகதி யோர்க் பேராலயத்தில் டேவிட் ஜென்கின்ஸ் டர்ஹம் ஆயராக அபிஷேகம் பெற்றார். மூன்று நாட்களில் மின்னல் விழுந்து அந்தப் பேராலயத்தின் ஒரு பகுதி எரிந்தது. கன்னிப் பிறப்பைப் பற்றி அவர் சொன்னவற்றுக்கு இது தேவதண்டனை என்றவர்கள் இருந்தார்கள். அதே ஆயர் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளருக்காகப் பேசியபோது டர்ஹம் மக்கள் கைதட்டினார்கள். அமெரிக்காவின் நியூவார்க் ஆயர் ஜோன் ஷெல்பி ஸ்பொங் இன்னும் தூரம் போனார். 1998இல் பழைய கடவுட் கொள்கை செத்துவிட்டது என்ற பொருளில் 12 கருத்துகள் வெளியிட்டு, 2000இல் அமைதியாக ஓய்வுபெற்றார்.

கனடாவில் சர்ச்சை வேதவியலில் தொடங்கித் திருமணத்தில் வந்து நின்றது. 1976இல் பெண்கள் முதன்முதலாகக் குருக்களாக அபிஷேகம் பெற்றபோதே சிலர் வெளியேறினார்கள். 2002இல் வன்கூவரை உள்ளடக்கிய நியூ வெஸ்ட்மின்ஸ்டர் மறைமாவட்டம் ஒருபாலினத் தம்பதியரை ஆசீர்வதிக்கத் தீர்மானித்தது. ஆயர் மைக்கல் இங்ஹாம் ஒப்புதல் கொடுத்தார். 2007 ஒக்டோபரில் எங்கள் மொன்றியல் சினட்டும் அதே திசையில் வாக்களித்தது: குருமாரில் 44க்கு 25, சபை மக்களில் 59க்கு 32. இரண்டு பிரிவிலும் ஆதரவு ஏறக்குறைய 64 வீதம். 'குருமார்தான் சனத்தைக் கெடுக்கிறார்கள்' என்று தேநீர் மேசையில் சொல்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

2016 யூலையில் றிச்மண்ட் ஹில்லில் கூடிய நாட்டுப் பொதுச் சினட்டில் நடந்ததை விரிவாகவே சொல்லலாம். திருமணச் சட்டத்தை மாற்ற ஆயர், குருமார், சபை மக்கள் ஆகிய மூன்று பிரிவிலும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். குருமாரில் 77 பேரில் 51 பேர் ஆதரவு, அதாவது 66.23 வீதம். தீர்மானம் தோற்றது என்று இரவோடு அறிவித்தார்கள், சிலர் மண்டபத்திலேயே அழுதார்கள். மறுநாள் வாக்குப் பட்டியலைச் சரிபார்த்தபோது, குருவானவராகிய பொதுச் செயலாளரின் பெயர் சபை மக்கள் நிரலில் பதிவாகியிருந்தது தெரிந்தது. அவரை உரிய நிரலுக்கு மாற்றியதும் 78இல் 52. சரியாக மூன்றில் இரண்டு. தீர்மானம் வென்றது. ஒரு பதிவு தவறான தலைப்பில் விழுந்ததால் ஒரு சபையின் நிலைப்பாடே ஓரிரவு தலைகீழாக நின்றது.

ஆனால் சட்டமாக அதற்கு 2019இல் இரண்டாவது வாக்கெடுப்பு வேண்டியிருந்தது. வன்கூவரில் சபை மக்கள் 89க்கு 21, குருமார் 60க்கு 22 என்று ஆதரித்தார்கள். ஆயர்கள் 23க்கு 14, 62.2 வீதம் மட்டும். தீர்மானம் விழுந்தது. தடுத்தது ஆயர் பிரிவு என்பதைக் கவனியுங்கள். எதிர்த்தவர்களில் வடபுலத்துப் பூர்வகுடித் தலைவர்களும் இருந்தார்கள். மிஷனரிமார் கொண்டுவந்த போதனையைக் காப்பது நாங்கள், அதை மாற்றுவது நீங்கள் என்பது அவர்கள் தரப்பின் சாரம். இது எங்கள் காதுக்கும் பழக்கமான குரல்தான். முடிவில் ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் வழியில் போகலாம் என்று விடப்பட்டது. மனச்சாட்சி ஒவ்வாத குருவானவரை இதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை.

வெளியேறினால் என்ன? வன்கூவரின் சென்ற் ஜோன்ஸ் ஷோக்னசி கனடாவின் மிகப் பெரிய அங்கிலிக்கன் சபைகளில் ஒன்று. 2008இல் மறைமாவட்டத்தை விட்டது. கட்டடம் யாருடையது என்ற வழக்கில் நீதிமன்றங்கள் மறைமாவட்டத்தின் பக்கம் நின்றன. 2011இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. சபையார் வேறு இடம் தேடிப் போனார்கள். பெஞ்சுக்கும் மணிக்கும் காசு கொடுத்தவர்கள் என்பதற்காகக் கோயில் சபையாருடையதாகிவிடாது.

தாராளவாதத்தால்தான் சபை தேய்கிறது என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். 1961 அளவில் 13 இலட்சமாக இருந்த கனடிய அங்கிலிக்கன் அங்கத்தவர் தொகை 2017இல் 357,123. ஆனால் இதே காலத்தில் கியூபெக்கின் கத்தோலிக்கக் கோயில்களும் காலியாகின, அங்கே பெண் குருவும் இல்லை, ஒருபாலினத் திருமணமும் இல்லை. இந்தக் கணக்கை ஒரே காரணத்தில் எழுதி மூட முடியாது.

எங்களுக்கு ஒரு பெயர் மிச்சமிருக்கிறது. குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க பௌத்தரோடு உரையாடியவர், சோசலிசச் சார்புடையவர், சிவில் உரிமைகள் இயக்கத்தில் முன்னின்றவர். எந்த அளவுகோலிலும் தாராளவாதி. 1983 யூலை வன்செயலின்போது இங்கிலாந்தில் இருந்தவர் நாடு திரும்பினார். யாழ்ப்பாணம் போனார். சிங்களவர் வெட்கப்பட்டுத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அந்த ஒக்டோபரிலேயே 56 வயதில் இறந்தார். இங்கே தாராளவாதக் குருமாரைத் திட்டும் எங்கள் மூத்தவர்கள் இவர் பெயர் வந்தால் குரல் தாழ்த்துகிறார்கள். அவர் வேறு, இவர்கள் வேறு என்பார்கள். இருக்கலாம். வேதவியலில் துணிவும் அரசியலில் துணிவும் ஒன்றல்ல. ஆனால் இரண்டுக்கும் இடம் கொடுத்தது ஒரே சபை.

இப்போதைக்கு எங்களில் சிலர் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போய்விட்டார்கள். சிலர் நற்கருணைக்கு மட்டும் வந்து பிரசங்கத்தின்போது வெளியில் நிற்கிறார்கள். இன்னும் சிலர் காணிக்கை உறையில் 'கூரைத் திருத்தத்துக்கு மட்டும்' என்று எழுதிப் போடுகிறார்கள், மறைமாவட்டத்துக்குக் காசு போகக்கூடாதென்று. மறைமாவட்டப் பங்கு பொதுவாகச் சபையின் வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுவதால், பொதுக் காணிக்கை குறைந்தால் அடுத்த வருடாந்தக் கூட்டத்தில் முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் சபையின் சொந்தச் செலவுகள்தான் என்பதை அவர்களுக்கு நாங்கள் ஒவ்வொரு வருடமும் விளக்குகிறோம். உறைகள் அப்படியே வந்துகொண்டிருக்கின்றன.