மல்வத்தையின் ஆசான்

ஜப்பானின் தசைஃபு தென்மாங்கு ஆலயத்தில் தெய்வமாக வீற்றிருப்பவர் சுகவரா நோ மிச்சிசானே என்ற கல்விமான். அரண்மனைச் சூழ்ச்சியால் 901இல் தலைநகரிலிருந்து அங்கே அனுப்பப்பட்டு, 903இல் மனம் நொந்து மாண்டவர். அதன்பின் தலைநகரில் இடியும் சாவும் தொடரவே, அவர் ஆவியின் சினம் என்று அஞ்சிக் கோயில் எடுத்தார்கள். இன்று பரீட்சை எழுதும் பிள்ளைகள் மரப்பலகையில் வேண்டுதல் எழுதி அங்கே தொங்கவிடுகிறார்கள். கண்டியில் அந்தப் பொறுப்பு கட்டுக்கலைப் பிள்ளையாருடையது. ஆனால் அரசனின் சினத்துக்கு ஆளான ஆசான் ஒருவர் நமக்கும் உண்டு.

கண்டி வாவியின் தென்கரையில், மல்வத்தை விகாரைக்குள் நுழைபவர் வெலிவிட்ட சரணங்கர தேரரை (1698–1778) நினைக்காமல் திரும்ப முடியாது. அவர் நடந்த நாளில் இந்த வாவி இல்லை, வயல்வெளிதான். உபசம்பதா என்னும் முழுத் துறவுநிலை பெற்ற பிக்குகளின் பரம்பரையும் அற்றுப்போயிருந்தது. பாலி இலக்கணம் சொல்லித்தர ஆளில்லை. அளுத்நுவரவில் அரச காவலில் இருந்த லெவுக்கே என்ற பிரபுவுக்கு அது தெரியும் என்று கேள்விப்பட்டு, அவர் கோயிலுக்கு வந்துபோகும் சிறுபொழுதில் இளந்துறவி பெயர்ச்சொல் திரிபுகளைக் கேட்டுக்கொண்டதாக அவர் சரிதம் கூறும். அப்படிக் கற்றவர் பிற்காலத்தில் எழுதிய நூல்களுள் ஒன்று, மாணவருக்கு அத்திரிபுகளை வகுத்துத்தரும் ‘ரூபமாலா’. அற்றுப்போன உபசம்பதாவை மீட்கச் சியாமுக்குப் போன தூதுகளைவிட இதையே நான் பெரிதென்பேன்.

தூதுகளும் எளிதாக முடிந்தவை அல்ல. முதலாவது கப்பலுடன் கடலில் போயிற்று. இரண்டாவது பாதியில் திரும்பிற்று. மூன்றாவதில்தான், ஒல்லாந்தர் கப்பல் உதவியோடு, 1753இல் உபசம்பதா வழங்கச் சியாமிலிருந்து உபாலி தேரர் வந்து சேர்ந்தார். மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சரணங்கரரைச் சங்கராஜராக்கினான்.

ஏழாண்டில் உறவு முறிந்தது. மன்னன் பௌத்தனாகியும் திருநீற்றை விடவில்லை என்ற மனக்குறையும் கலந்திருந்த 1760ஆம் ஆண்டுச் சதியில் சங்கராஜரின் பெயரும் அடிபட்டது, சிறை வைக்கப்பட்டார். சதியில் சேர்ந்த அதிகார் என்ற உயர் அமைச்சர் உயிரிழந்தார். தேரரோ விடுதலையாகி, பழைய மதிப்போடு எண்பது வயதுவரை வாழ்ந்தார். மிச்சிசானேக்குப் பதவி திரும்பியது இறந்த பிறகுதான். சரணங்கரரைச் சாந்தப்படுத்தக் கோயில் எழுப்பும் தேவை கண்டிக்கு நேரவில்லை. ஆண்டுதோறும் உபசம்பதா பெறச் சாமணேரர்கள் மல்வத்தைக்கும் அஸ்கிரியவுக்கும் வருகிறார்கள். அந்த வரிசை 1753இல் தொடங்கியது.