கடலடி அகழாய்வும் ஜார்ஜ் பாஸ் வகுத்த நெறியும்

மூழ்கிய கலங்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வுத்துறை மிகவும் இளையது. முற்காலத்தில் முக்குளிப்போர் பொருள்களை மேலே கொணர்வர். தொல்லியலாளர் கப்பல் தளத்தில் இருந்தவாறே அவற்றைக் காண்பர். எப்பொருள் எதனருகே கிடந்தது என்னும் செய்தி இதனால் அழிந்தது. இந்நிலையை மாற்றியவர் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் பாஸ் (1932–2021) ஆவார்.

துருக்கியின் தென்கரையில் கெலிதோன்யா முனையருகே பழங்கலம் ஒன்று கிடப்பதைக் கடற்பஞ்சு எடுப்போர்வழி அறிந்தவர் பீட்டர் த்ராக்மார்ட்டன் என்னும் இதழாளர். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு மாணவராயிருந்த பாஸ், அதனை ஆராயும்பொருட்டே முக்குளிக்கக் கற்றார். நிலத்து அகழாய்வுக்குரிய அளவெடுப்பும் வரைபடமும் ஏறத்தாழ 27 மீட்டர் ஆழத்திலும் இயலும் என்பதை 1960இல் மெய்ப்பித்தார்.

கி.மு. 1200 அளவினதான அக்கலத்தில் செப்புப் பாளங்கள் மிகுந்திருந்தன. வெண்கலக் காலக் கிழக்கு நடுநிலக்கடல் வாணிகம் மைசீனியக் கிரேக்கர் கையில் இருந்தது என்பதே அந்நாளைய பெரும்பான்மைக் கருத்து. பாஸ் சரக்கினும் மாலுமியர் புழங்கிய பொருள்களையே கூர்ந்து நோக்கினார். சரக்கை எத்துறையிலும் ஏற்றலாம்; விளக்கும் எடைக்கல்லும் முத்திரையும் உடையவரின் நாட்டைச் சுட்டும். அவை சிரிய, பாலஸ்தீனக் கரையைச் சார்ந்தன. எனவே கலம் கிழக்கத்தியருடையது என 1967இல் நூலாக வெளியிட்டார். அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை.

விடை மற்றொரு கலத்திலிருந்து வந்தது. 1982இல் கடற்பஞ்சு எடுப்பவர் ஒருவர் கண்ட உலுபுருன் கலத்தை, 1984இல் பாஸ் அகழத் தொடங்கினார்; பின்னர் அவர் மாணவர் ஜெமால் புலாக் 1994வரை தொடர்ந்தார். மூழ்கல்கள் 22,000க்கு மேற்பட்டன. கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்த அக்கலத்தில் 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் இருந்தன. கிழக்கத்திய வாணிகரின் பங்கு அதன்பின் மறுக்கவியலாததாயிற்று.

இந்நெறியின் அருமையை நம் வட்டாரமும் உணர்த்துகின்றது. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டறியப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கலத்தை வணிக நிறுவனம் ஒன்று அகழ்ந்தது. அரும்பொருள்களைச் சிங்கப்பூர் 2005இல் பெற்றது. எனினும் அகழ்ந்த முறைபற்றிய கண்டனத்தால் 2011இல் வாஷிங்டன் கண்காட்சி தடைப்பட்டது. பொருள் கிடைத்தால் மட்டும் போதாது, அது கிடந்த நிலையும் கிடைத்தல் வேண்டும் என்பதே பாஸின் வாழ்வுப்பணி நமக்குக் காட்டும் உண்மை எனலாம்.