மலையகத் தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம்

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் குடியிருந்து வேலை செய்வோர் ஒரு நாள் வேலைக்குப் பெறும் கூலியே தோட்டத் தொழிலாளர் நாட்சம்பளம். தோட்டத்து வழக்கில் இதன் கணக்கு ‘பேர்’. காலையில் ஆட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் பெயர் பதிந்து, அன்றைக்குக் குறித்த கிலோ கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். அளவுக்கு மேல் பறித்த ஒவ்வொரு கிலோவுக்கும் தனியாகச் சிறு தொகை உண்டு. மாதம் எத்தனை பேர் விழுந்தது என்பதே அந்த வீட்டின் வருமானம்.

பயிற்சியற்றவர் என்று வகைப்படுத்தப்படும் தொழிலாளருக்குக் கூலி ஏன் குறைவாகவே நிற்கிறது என்று கேட்டால், ஆள் அதிகம், வேலை எளிது என்ற விடைதான் உடனே வரும். மலையகத்தின் வரலாறு இந்த விடையோடு ஒத்துப்போவதில்லை. ஆள் மிகுந்திருந்த காலத்திலும் இங்கே சம்பளம் குறைவு. ஆள் கிடைக்கவில்லை என்று தோட்டத்தை நடத்திய துரைமார் புலம்பிய காலங்களிலும் குறைவு. தொழிலாளி தன் உழைப்பை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் வழி ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விதமாக அடைபட்டிருந்ததே இதற்குப் பெரிய காரணம்.

கங்காணி, கடன், துண்டு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நிலமில்லாதவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே இவர்களில் மிகுதி. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்த பிறகு தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டிய பயிர் என்பதால், பருவத்துக்கு வந்து போனவர்கள் நிரந்தரமாகக் குடியேறும் நிலை உண்டானது.

ஆள் சேர்த்தவர் கங்காணி. தன் ஊரிலும் உறவிலும் ஆட்களைத் திரட்டி, வழிச் செலவுக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டிவருவார். அந்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக நின்றது. வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. கோப்பிக் காலத்தில் சம்பளம் பல மாதங்கள் நிலுவையில் கிடந்ததுண்டு. அதுவரை அரிசியும் மற்றவையும் கடனுக்குத்தான். தோட்டம் கொடுத்த அரிசிக்கும் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. போதாக்குறைக்கு, சொல்லாமல் வேலையை விட்டுப் போவதை 1865ஆம் ஆண்டின் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது.

இவற்றுள் பொருளாதாரப் பாடமாகவே எடுத்துப் பார்க்க வேண்டியது துண்டு முறை. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. கங்காணி அதை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். அங்குள்ள துரை கடனைக் கட்டி ஆட்களை ஏற்றுக்கொள்வார். கடன் புதிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். தேயிலை விரிவடைந்து ஆள் பற்றாக்குறை வந்தபோது தோட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. பாடப்புத்தகப்படி அந்தப் போட்டி நாட்கூலியை உயர்த்தியிருக்க வேண்டும். ஆனால் உயர்ந்தது துண்டில் எழுதிய தொகை. கூடுதல் முன்பணம் கங்காணியின் கைக்குப் போயிற்று. கடன் தொழிலாளியின் தலையில் ஏறிற்று. ஆள் பஞ்சம் கூலிக்காரரை இன்னும் இறுகக் கட்டிய விசித்திரம் இது. 1921இல் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டபோது, தொழிலாளர் மீதான இரக்கத்தோடு, ஏறிக்கொண்டே போன முன்பணத்தால் தோட்டங்களுக்கு வந்த தலைவலியும் அதற்குக் காரணம்.

முதலாளிகள் கூலியை உயர்த்தாமலிருக்கப் பேசாமலே ஒன்றுபட்டிருப்பார்கள் என்று ஆதம் சிமித் 1776இலேயே எழுதினார். இலங்கையில் அவர்கள் பேசியே ஒன்றுபட்டிருந்தார்கள். தோட்டத்துரைமார் சங்கம் 1854இல் உருவானது. பிழைப்புக்கான உழவுத் தொழிலில் ஆள் மிகுந்து கிடக்கும் வரை நவீனத் துறையின் கூலி உயராது என்ற பொருளியலாளர் ஆர்தர் லூயிசின் 1954ஆம் ஆண்டுக் கோட்பாடு, மதராஸ் மாகாண வறட்சி மாவட்டங்களுக்கும் கண்டித் தோட்டங்களுக்கும் இடையிலான உறவுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் அது பாதிக் கதைதான். 1939இல் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்து புதிய வரவு நின்ற பிறகும் தோட்டச் சம்பளம் மற்றத் தொழில்களை எட்டிப் பிடிக்கவில்லை.

பயிற்சியற்ற வேலை என்ற வகைப்பாடு

கொழுந்து பறிப்பைப் பயிற்சியற்ற வேலை என்று எழுதுபவர் செங்குத்தான மலையில் கூடை சுமந்து நின்றவராக இருக்க மாட்டார். ஈரிலையும் ஒரு மொட்டுமாக, முற்றிய இலை சேராமல், செடியின் மட்டம் கெடாமல், அட்டைக்கடியோடு இரு கையாலும் ஓயாது பறிக்க வேண்டும். பறிப்பின் தரம் குறைந்தால் தொழிற்சாலையில் எவ்வளவு திறமை காட்டினாலும் தேயிலையின் விலை விழும். இந்தத் திறமைக்குச் சான்றிதழ் கிடையாது. அம்மாவோடு மலைக்குப் போன மகள் பார்த்துப் பழகியது. தோட்டத்துக்குச் செலவில்லாமல் கிடைத்த பயிற்சி என்பதால் அதற்கு விலை வைக்கும் தேவை யாருக்கும் எழவில்லை. வேறு தொழிலில் இதற்கு மதிப்பும் இல்லை.

பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி 1929இல் மேல்நாட்டுத் தோட்டங்களுக்கு விதித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். ஏற்றுமதி வருமானத்தை ஈட்டிய கை பெண்ணுடையது. அதற்கு ஆணின் கூலியில் ஐந்தில் நான்கு பங்கு. 1930களின் பெருமந்தத்தில் தேயிலை விலை சரிந்ததும் இந்தக் குறைந்தபட்சத்தையும் வெட்டினார்கள். ஆண், பெண் சம்பளம் சமமானது 1984இல்தான். அந்த ஆண்டு நடந்த சம்பள வேலைநிறுத்தம் வெற்றி பெற்றதற்குத் தொழிற்சங்கங்களின் ஒற்றுமை ஒரு காரணம் என்றால், உலகச் சந்தையில் அப்போது தேயிலை விலை உச்சத்தில் இருந்தது இன்னொரு காரணம்.

வாக்குரிமை இழப்பு

1930களில் கோ. நடேசய்யரும் பின்னர் இலங்கை இந்தியக் காங்கிரசும் தோட்டங்களில் தொழிற்சங்கத்தை வேரூன்றச் செய்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தின் சம்பளப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1941இல் கூலியை நிர்ணயிக்கும் சபைகளை அமைக்கும் சம்பளச் சபைகள் சட்டம் வந்தது. கூலி உயரும் வழி திறப்பதுபோலத் தெரிந்த அந்தச் சமயத்தில்தான் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று.

சம்பளத்துக்கும் வாக்குரிமைக்கும் உள்ள தொடர்பு மறைமுகமானது என்றாலும் வலுவானது. சுதந்திர இலங்கை இலவசக் கல்வியையும் மருத்துவத்தையும் கிராமங்களுக்கு விரித்தபோது, வாக்கில்லாத தோட்டங்கள் ஓரத்தில் நின்றன. நல்ல பள்ளி இல்லாத இடத்தில் அடுத்த தலைமுறைக்கும் மலைதான் வேலை. குடியுரிமை இல்லாதவர் அரசு வேலைக்கோ குடியேற்றத் திட்டக் காணிக்கோ போக முடியாது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக வகுத்தது. அனுப்பப்படுவோமா, இருப்போமா என்று தெரியாத குடும்பம் சம்பள உயர்வுக்கு எவ்வளவு தூரம் போராடும்? நாடற்றோர் பிரச்சினை சட்டப்படி முடிய 2003 வரை ஆனது.

லயம்

இன்றைய தோட்டங்களில் தொழிலாளியைக் கட்டிவைப்பது வீடு. பத்துக்குப் பன்னிரண்டடி அறைகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டால்தான் அந்தக் குடியிருப்பு நிலைக்கும் என்ற அச்சம் தலைமுறைகளாகத் தொடர்கிறது. கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் இளையோர் போய்விடுகிறார்கள். வீட்டைக் காக்க அம்மா கூடை தூக்குகிறார். ஆள் தட்டுப்பாடு என்ற முறையீடும் குறைந்த சம்பளமும் ஒரே தோட்டத்தில் சேர்ந்து நிற்பதன் விளக்கம் இதில் இருக்கிறது. எஞ்சியிருப்பவர் சம்பளத்தைப் பார்த்து நிற்பவர் அல்லர். 2015க்குப் பின் சில இடங்களில் ஏழு பேர்ச் பரப்புள்ள காணியில் தனிவீடுகள் எழுந்தாலும், லயத்தில் வாழ்வோர் இன்னும் ஏராளம்.

ஆயிரம் ரூபாய்

1970களில் தேசியமயமான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போனது. அதன் பிறகு முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் இரண்டு ஆண்டுக்கொருமுறை செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தமே சம்பளத்தை நிர்ணயித்தது. சங்கச் சந்தாவைத் தோட்ட நிர்வாகமே சம்பளத்தில் பிடித்துச் சங்கத்துக்கு அனுப்பும். பேரம் பேச வேண்டியவரின் வருமானம் எதிர்த்தரப்பின் கை வழியாக வருவது வலுவான பேரத்துக்கு உகந்த ஏற்பாடென்று சொல்ல முடியாது.

ஒப்பந்தத் தொகையைப் படிக்கவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். 2013இல் நாட்சம்பளம் 620 ரூபாய் என்று செய்தி வந்தது. அதில் அடிப்படை 450; 140 ரூபாய் வரவுக் கொடுப்பனவு; மிச்சம் விலைப்பங்குக் கொடுப்பனவு. வேலை கொடுத்த நாட்களில் முக்கால் பங்குக்குக் குறைவாக வந்தவருக்கு வரவுக் கொடுப்பனவு கிடையாது. சேமலாப நிதிக்கும் அடிப்படைச் சம்பளமே கணக்கு. 2016இல் 730 என்று சொன்னதிலும் அடிப்படை 500தான். ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2021 மார்ச்சில் ஒப்பந்தமாக வராமல் சம்பளச் சபை வழியாக அரசின் வர்த்தமானி அறிவித்தலாக வந்தது. அதோடு கூட்டு ஒப்பந்த முறையும் முறிந்தது. பல தோட்டங்களில் ஒரு பேருக்கான கிலோ அளவு உயர்த்தப்பட்டதாகத் தகராறுகள் எழுந்தன. பேரின் விலையை அரசு நிர்ணயிக்கலாம். பேரின் அளவு தராசடியில் நிற்கிறது.

கம்பனிகளின் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலி. கொழும்பு ஏலத்தில் விலை வாரந்தோறும் ஏறி இறங்கும். தோட்டம் அதை நிர்ணயிக்க முடியாது. கூலி கூடினால் கென்யாவோடு போட்டியிட முடியாது என்கிறார்கள். ஆனால் பல மலைகளில் செடிகள் வெள்ளைக்காரன் காலத்தவை; மறுநடுகை பல பத்தாண்டுகளாகப் பின்தங்கிவிட்டது. மலிவான ஆள் இருந்தவரை மண்ணிலும் செடியிலும் பணம் போடும் நெருக்கடி வரவில்லை. குறைந்த கூலி விளைச்சலைத் தேங்க வைத்தது. தேங்கிய விளைச்சல் இப்போது குறைந்த கூலிக்குச் சாக்காகிறது. இலங்கைத் தேயிலையில் பெரும்பகுதி இன்று வருவது கம்பனித் தோட்டங்களிலிருந்து அல்ல, தென்பகுதியின் சிறுதோட்டக்காரரிடமிருந்து.

2024 மே மாதம் 1,700 ரூபாய் என்று அறிவித்த வர்த்தமானியைக் கம்பனிகள் நீதிமன்றம் சென்று நிறுத்தின. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று வந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் இதை 1,550 ஆக்கவும், அதற்கு மேல் நாளுக்கு 200 ரூபாயை வரவு ஊக்கத்தொகையாக அரசே கொடுக்கவும் முன்மொழிந்தது. தனியார் தோட்டத்து நாட்சம்பளத்தின் ஒரு பங்கைத் திறைசேரி சுமக்கும் ஏற்பாடு இது. சில கம்பனிகள் நாட்சம்பளத்தையே கைவிட்டு, குடும்பத்துக்கு இத்தனை செடி என்று பிரித்துக் கொடுத்துக் கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கும் முறைக்கு மாறப் பார்க்கின்றன. அந்த முறையில் பேரும் இல்லை, அரைப்பேரும் இல்லை; செடி நிற்கும் மண் மட்டும் பழையபடி தோட்டத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கும் கம்பனியிடமே இருக்கும்.