உயிர்ப்பாறையோடு வந்தவை

வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்குப் பெரிய தலைவலி, அழையாமல் வந்து பெருகும் உயிரிகள்தான். பாறை இடுக்கில் முளைத்துப் பக்கத்துப் பவளங்களைச் சுட்டுப் பொசுக்கும் ஐப்டேசியா என்னும் சிறு கடற்சாமந்தி, பவளத்தின் சதையைத் தின்னும் தட்டைப்புழு, புள்ளி அளவேயான சிவப்புப் பூச்சி எனப் பட்டியல் நீளும். கடல் உயிர்களை வளர்த்தால் இவையும் வரத்தான் செய்யும், வந்தபின் மருந்து தேடினால் போதும் என்பது பரவலான எண்ணம். இந்த வளர்ப்புக் கலையின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. பாறையும் பவளமும் கைமாறிய வழியில்தான் இவை வந்தன. அந்த வழியில் ஒரு தடுப்பு வைக்காதவரை எந்த மருந்தும் நிலையான தீர்வாகாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கடல்மீன் வளர்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம் இருந்ததில்லை. வெளுத்துக் காயவைத்த பவள எலும்புக்கூடுகளே அன்று தொட்டியின் அலங்காரம். மீன்நோய்க்கு ஊற்றிய தாமிர மருந்து, முதுகெலும்பில்லாத உயிர் எதையும் அங்கே தங்கவிடாது. தொல்லை இல்லைதான், ஆனால் பவளமும் இல்லை. ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961இல் தம் முறையை எழுதி வெளியிட்டபோது நிலைமை மாறத் தொடங்கியது. கடலிலிருந்து எடுத்த பாறையை அதன்மேல் வாழும் உயிர்களோடு அப்படியே தொட்டியில் வைத்தார். நீரைச் சுத்திகரிக்கும் பாக்டீரியா அந்த உயிர்ப்பாறைக்குள்ளேயே இருந்ததால் பவளம் பிழைத்தது. ஜெர்மானியர்கள் இதைச் செம்மைப்படுத்திப் பெர்லின் முறையாக வளர்த்தார்கள். 1980களில் பெர்லினின் டீட்ரிக் ஷ்டூபர் தம் அக்ரோபோரா பவளத்தின் கிளைகளை ஒடித்து நண்பர்களுக்குக் கொடுக்க, அது தொட்டி தொட்டியாகப் பரவியது. ஒரு தாய்ப்பவளத்திலிருந்து நூறு தொட்டிகளை நிரப்பலாம் என்பது மகத்தான கண்டுபிடிப்பு. கடலிலிருந்து பவளம் எடுக்கும் தேவையை அது குறைத்தது. ஆனால் அதே துண்டோடு அதைத் தின்பதும் பயணம் செய்யலாம் என்பது பிறகே உறைத்தது.

உயிர்ப்பாறையோடு வந்தவற்றில் முக்கியமானது ஐப்டேசியா. சுரண்டி எடுத்தால் ஒட்டியிருக்கும் சிறு சதைத்துணுக்கிலிருந்தே மீண்டும் முளைக்கும். பவளத் துண்டு வணிகத்தோடு வந்தவையோ குறிப்பிட்ட பவளங்களைத் தின்றே வாழ்பவை. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழுவுக்கு 2011இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது, அதுவும் தொட்டிகளில் பிடிபட்ட புழுக்களை வைத்து. இயற்கைக் கடலில் அது இருப்பது அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் தெரியவந்தது. மான்டிபோரா பவளத்தைத் தின்னும் ஓடில்லாக் கடல்நத்தைக்கும் 2020இல் தொட்டி மாதிரிகளைக் கொண்டே பெயரிட்டார்கள். தொட்டிகளில் பவளங்களைச் சூறையாடிய உயிரிகள் கடலில் இத்தனை காலம் கண்ணில் படாததற்குக் காரணம் இருக்க வேண்டும். பவளக் கிளைகளுக்குள் வாழும் நண்டுகளும் மேய்ந்து திரியும் மீன்களும் அங்கே அவற்றைப் பெருகவிடுவதில்லை என்றே நான் கருதுகிறேன்.

அப்படியானால் அவற்றைத் தின்பவற்றைத் தொட்டிக்குள் விட்டால் தீராதா என்று கேட்பார்கள். ஓரளவு தீரும். பெர்கியா என்னும் கடல்நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் உண்ணாது. ஆனால் ஐப்டேசியா தீர்ந்ததும் பட்டினியில் செத்துவிடும், அடுத்த பாறையோடு ஐப்டேசியா வந்தால் மறுபடி வாங்க வேண்டும். சிவப்புப் பூச்சிக்கு, நாய்களின் இதயப்புழுவுக்குக் கொடுக்கும் மில்பெமைசின் மாத்திரையைக் கரைத்து விடுகிறார்கள். பூச்சி சாகிறது, கூடவே இறாலும் நண்டும் சாகின்றன. தட்டைப்புழுவுக்கு மருந்துக் குளியல் உண்டு. அது புழுவை உதிர்க்கும், பவளத்தின் அடியில் ஒட்டிய முட்டைகளைத் தொடாது. உயிர்ப்பாறையே வேண்டாம், காய்ந்த பாறை போதும் என்பது வலுவான வாதம். அதன் விலை, பல மாதங்கள் நிலைகொள்ளாமல் பாசி மண்டும் தொட்டி. தவிர, பாறையை விலக்கினாலும் பவளத் துண்டை விலக்க முடியாதே! தட்டைப்புழு வருவது அந்தத் துண்டோடுதான்.

இது பொழுதுபோக்குக்காரர்களின் சொந்தத் தொல்லை, ஊருக்கென்ன என்றும் சிலர் நினைக்கலாம். கௌலெர்ப்பா டாக்ஸிஃபோலியா என்னும் பாசியின் கதை அதை மறுக்கிறது. காட்சித் தொட்டிகளில் விரும்பி வளர்த்த அது 1984இல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்தின் கீழே கடலில் தென்பட்டது. பின்னர் மத்தியதரைக் கடலின் அடித்தளத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பரவியது. அதே வகை 2000இல் கலிபோர்னியாவின் உப்பங்கழிகளில் முளைத்தது. பாசிக்குமேல் தார்ப்பாய் விரித்து உள்ளே குளோரின் செலுத்தித்தான் அழித்தார்கள். முற்றிலும் ஒழிந்ததாக அறிவிக்க 2006 ஆயிற்று. கைமாறும் வழியில் தடுப்பு இல்லாததே இங்கும் காரணம்.

தடுப்பு என்பது பெரிய செலவல்ல. ஒரு சிறு தனித்தொட்டி, ஒரு விளக்கு, நீரோட்டத்துக்கு ஒரு பம்பு, சூடாக்கி போதும். புதிய பவளத்தின் பழைய அடித்துண்டை முட்டைகளோடு வெட்டி எறிந்து, மருந்துக் குளியலை வாரந்தோறும் திரும்பச் செய்து, முட்டை பொரிந்து புழு வெளிப்படும் காலம் கடக்கும்வரை குறைந்தது ஆறு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். தொட்டி நீரையும் பாசியையும் மட்டும் எக்காரணம் கொண்டும் கழிமுகத்திலோ கடலிலோ கொட்டாதீர்கள்.