எஸ்5: டேனியல் டியாஸின் பதக்கங்களும் வகைப்பாட்டு விதியும்

பாராலிம்பிக் நீச்சல் வரலாற்றில் ஆண்களில் மிக அதிகப் பதக்கங்களுக்கு உரியவர் பிரேசில் வீரர் டேனியல் டியாஸ்: 14 தங்கம், 7 வெள்ளி, 6 வெண்கலம், ஆக 27. அவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் மனஉறுதியைப் போற்றுவதோடு நின்றுவிடுகிறார்கள். அந்த உறுதி மெய்யானது. ஆனால் யாரோடு யார் நீந்துவது என்று தீர்மானிக்கும் வகைப்பாட்டு விதியைச் சேர்த்துப் படிக்காவிட்டால் அந்தப் பதக்கப் பட்டியலின் ஏற்றஇறக்கம் விளங்காது.

முதல் பாராலிம்பிக் நடந்த 1960 தொட்டு நெடுங்காலம் மருத்துவக் காரணமே பிரிவை முடிவு செய்தது. தண்டுவடம் பாதிக்கப்பட்டோர், உறுப்பிழந்தோர், பெருமூளை வாதமுள்ளோர் தனித்தனியே போட்டியிட்டனர். 1992 பார்சிலோனாவில் இது மாறியது. குறைபாட்டின் காரணம் எதுவாயினும், நீரில் உடல் எவ்வளவு இயங்குகிறது என்பதே அளவுகோல் ஆயிற்று. உடல் இயக்கக் குறைபாடுள்ளோருக்கு எஸ்1 முதல் எஸ்10 வரை பிரிவுகள். எண் குறையக் குறையப் பாதிப்பு அதிகம். வீரரை மேசையில் கிடத்தித் தசை வலிமை, மூட்டசைவு, உறுப்புகளின் நீளம் ஆகியவற்றை அளந்து மதிப்பெண் இடுவார்கள். பிறகு குளத்தில் நீந்தவிட்டுப் பார்ப்பார்கள், போட்டியின்போதும் கண்காணிப்பார்கள். பிறவியிலேயே கை வளராதவரும் பெருமூளை வாதத்தால் கால் இறுகியவரும் ஒரே போட்டியில் அடுத்தடுத்த தடங்களில் நீந்துவது இப்படித்தான்.

1988இல் கம்பினாஸ் நகரில் பிறந்த டியாஸுக்கு இரு கைகளும் வலக்காலும் முழுமையாக வளரவில்லை. 2004இல் ஏதென்ஸ் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தார். ஆறு தங்கம் வென்றுகொண்டிருந்தவர் அதே பிரேசிலின் க்ளோடோவால்டோ சில்வா. பதினாறு வயதுப் பையன் அதன் பிறகுதான் நீச்சல் பயிற்சிக்கே போனான். நான்கே ஆண்டுகளில் பெய்ஜிங்கில் ஒன்பது பதக்கம்! அதே போட்டிக்குச் சில்வா எஸ்4இலிருந்து டியாஸின் பிரிவான எஸ்5க்கு மாற்றப்பட்டிருந்தார். தன்னைப் பார்த்து நீந்த வந்த இளைஞரோடு மோதவேண்டிய நிலை. தனிநபர் தங்கம் ஒன்றுகூடக் கிட்டவில்லை. ஓர் எண் மாறினால் ஒருவரின் களமே மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2012 லண்டனில் டியாஸ் நீந்திய தனிநபர் போட்டிகள் ஆறிலும் தங்கம். 2016 ரியோவில், சொந்த மண்ணில், மீண்டும் ஒன்பது பதக்கம். ஆண்களுக்கான சாதனையும் அங்கேதான் அவர் வசமானது.

2018இல் வகைப்பாட்டு விதிகள் திருத்தப்பட்டன. பலர் மறுமதிப்பீட்டுக்கு உள்ளாயினர். ஏழு பாராலிம்பிக் தங்கம் வென்ற ஆந்த்ரே பிரேசில் 2019இல் தகுதியே இல்லாதவர் ஆனார். ரியோவில் எஸ்6இல் தங்கம் வென்ற இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ போச்சார்தோவும் சீனத்தின் ஜெங் தாவும் டோக்கியோவில் எஸ்5இல் வந்து நின்றனர். 100 மீ., 200 மீ. ஃப்ரீஸ்டைலில் போச்சார்தோ தங்கம் வெல்ல, டியாஸுக்கு வெண்கலம். அவருக்கு அப்போது வயது 33. வயதின் பங்கை மறுக்க முடியாது. ஆயினும் ரியோவில் அவரோடு நீந்தாதவர்கள் டோக்கியோவில் அவரை முந்தியதை வெறும் தளர்ச்சி என்று எழுதுவது ஆய்வாகாது, அநீதி.

வகைப்பாடு இல்லாமல் இந்த விளையாட்டே இல்லை; திருத்தமும் தவிர்க்க முடியாதது. ஆனால் திருத்தத்தின் சுமை முழுவதும், பழைய அளவுகோலை நம்பிப் பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்த வீரர் தலையில் விழுகிறது. இதற்கு ஈடுசெய்யும் வழியைப் பாரா விளையாட்டு நிர்வாகம் இன்னும் காணவில்லை என்பதே என் கருத்து.

டியாஸின் கடைசிப் போட்டி டோக்கியோவின் 50 மீ. ஃப்ரீஸ்டைல். மூன்று பதக்கமும் சீன வீரர்களுக்கு. தங்கம் ஜெங் தாவுக்கு. டியாஸ் நான்காவது.