மின் அடுப்புப் பாதுகாப்பு (குண்டடம் வட்டாரம்)

மின் அடுப்பு என்பது மின்சாரத்தை வெப்பமாக்கிச் சமைக்கும் வீட்டுக் கருவி. சுருள்கம்பி அடுப்பு, இண்டக்‌ஷன் அடுப்பு என இரு வகைகள் பரவலாகப் பயன்படுகின்றன. குண்டடம், திருப்பூர் மாவட்டம் தாராபுரம் வட்டத்தில், பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்த வறண்ட நிலம் இது. இங்கே மின் அடுப்பின் பாதுகாப்பில் வீட்டின் வயரிங்குக்கும் எர்த்துக்கும் பெரும் பங்கு உண்டு.

வகைகள்

சுருள்கம்பி அடுப்பில் சூடாவது நிக்ரோம் எனப்படும் நிக்கல், குரோமியம் கலப்புக் கம்பி. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் இதற்கு 1906-இல் காப்புரிமை பெற்றார். பீங்கான் தட்டின் காடியில் கம்பி திறந்தே கிடக்கும் மலிவான அடுப்பில் ஆபத்து அதிகம். கம்பி காடியை விட்டு மேலெழுந்து பாத்திரத்தைத் தொட்டால் பாத்திரத்திலும் மின்சாரம் பாயும். பால் பொங்கி வழிந்தாலும் மின்கசிவு ஏற்படலாம்.

இண்டக்‌ஷன் அடுப்பில் காந்தப்புலம் பாத்திரத்தின் அடிப்பகுதியையே சூடாக்குகிறது. காந்தம் ஒட்டும் பாத்திரமே இதற்கு உதவும். சாதாரண அலுமினியச் சட்டி சூடாகாது. கண்ணாடித் தளம் பாத்திரத்தின் சூட்டை வாங்கிக்கொள்வதால், அடுப்பை அணைத்த பின்னும் கையைச் சுடும். தளத்தில் விரிசல் கண்டால் அடுப்பைப் பயன்படுத்தக் கூடாது. இதய முடுக்கி பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே இதில் சமைக்க வேண்டும்.

பிளக்கும் வயரும்

இந்திய வீடுகளுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். விளக்கு, மின்விசிறிக்கான 6 ஆம்பியர் பிளக் பாயின்ட் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் பவர் பிளக் தேவை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அடுப்பைச் செருகுவதும், ஒரே பிளக் பாயின்ட்டில் மோட்டாரையும் அடுப்பையும் சேர்த்து ஓட்டுவதும் வயரைச் சூடாக்கி உருக்கும். பழைய லைன் வீடுகளில் ஃபியூஸ் போனதும் தடித்த செம்புக் கம்பியைக் கட்டிவிடும் வழக்கம் அதைவிட ஆபத்தானது. அதன்பின் மிகை மின்னோட்டத்தைத் தடுக்க எதுவும் இருக்காது.

எர்த்

மூன்று பின் பிளக்கின் பெரிய பின் எர்த்துக்கானது. அடுப்பின் உலோக உடலில் மின்சாரம் கசிந்தால், அது ஆளின் உடல் வழியே பாயாமல் நிலத்துக்குச் செல்ல இதுவே வழி. அதை ஒடித்துவிட்டுப் பயன்படுத்துவது உயிருக்கு உலை வைக்கும். ஈரமற்ற மண்ணில் மின்தடை கூடும். எனவே எர்த் குழியில் கரியும் உப்பும் இடுவதோடு, கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் கூடுதல் காவல். ஆனால் அது எர்த்துக்கு மாற்றாகாது.

பயன்பாடு

பனியன் தொழில் சூழ்ந்த வட்டாரமாதலால் சமையலறைப் பிடிதுணியாகவும் துடைக்கும் துணியாகவும் பனியன் வேஸ்ட் வந்து சேர்கிறது. பருத்தித் துணி சிவந்த சுருளில் பட்டால் தீப்பற்றும். பாலியஸ்டர் கலந்தது உருகித் தோலில் ஒட்டும். இண்டக்‌ஷன் அடுப்பின் அடியில் துணி விரித்தால் காற்றுத் துளைகள் அடைபட்டு உட்பகுதி சூடேறும். கரண்ட் போனதும் சுருள்கம்பி அடுப்பின் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். மறந்து வேலைக்குப் போனால், கரண்ட் வந்ததும் ஆளில்லாத வீட்டில் அடுப்பு எரியத் தொடங்கும்.

விபத்து நேர்ந்தால்

முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூட வேண்டும். ஷாக் அடித்தவரை மின்சாரம் நிற்கும் முன் கையால் தொடக் கூடாது. தீப்புண்ணைக் குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும்; பற்பசையோ இங்க்கோ தடவக் கூடாது. தீயணைப்புத் துறையை 101 எண்ணிலும் ஆம்புலன்ஸை 108 எண்ணிலும் அழைக்கலாம்.